முகவரி இல்லாதவருக்கு இரண்டாம் வாய்ப்பு உண்டா?

(திருவாலங்காட்டில் நடந்த வாசிப்பு வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பக்கத்து ஊரான பழையனூரின் நீலி கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். வணிகனின் உயிருக்கு எழுபது வேளாளர்கள் பிணை நின்றார்கள், அவன் செத்ததும் சொன்ன சொல்லுக்காகத் தீயில் இறங்கினார்கள் என்று பெருமையாகச் சொல்வார்கள். அந்தக் கதையில் எனக்கு ஒரு கேள்வி உண்டு. ஊரில் நிலமும் பெயரும் உள்ளவரின் சொல்தான் அங்கே பிணையாகிறது. அவை இல்லாதவருக்கு யார் பிணை நிற்பார்? இன்றைய நீதிமன்றத்திலும் இதே கேள்விதான் நிற்கிறது. இப்போது அது கணினிக்குள்ளும் போய்விட்டது.

சிறு குற்றத்தில் சிக்கியவரை வழக்கு, தண்டனை, சிறை என்று இழுக்காமல் வேறு வழியில் திருப்பி விடுவதை 'டைவர்ஷன்' என்கிறார்கள். அமெரிக்காவில் பல இடங்களில் அரசு வழக்கறிஞர் அலுவலகமே இதை நடத்துகிறது. போதை சிகிச்சை, பயிற்சி, சமூக சேவை என்று சொன்னதை முடித்தால் வழக்கு கைவிடப்படும். யாருக்குத் தகுதி உண்டு, யார் எதை முடித்தார் என்ற கணக்கை மென்பொருள் வைத்துக்கொள்கிறது.

நம் நாட்டில் அரசு வழக்கறிஞருக்கு அவ்வளவு அதிகாரம் கிடையாது. ஆனால் அதே நோக்கமுள்ள கதவுகள் சட்டத்தில் இருக்கின்றன. 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நான்கில் மூன்று பேர் மீது குற்றம் நிரூபிக்கப்படவில்லை. அந்தக் கதவுகள் யாருக்குத் திறக்கின்றன என்று பார்ப்போம்.

முதல் கதவு, 1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம். சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தை உறுதியின் பேரில் விடுவிக்க இதன் 4-ஆவது பிரிவு வழி செய்கிறது. ஆனால் அந்த நபருக்கோ அவருக்குப் பிணை நிற்பவருக்கோ நிலையான இருப்பிடமோ வழக்கமான தொழிலோ அந்த நீதிமன்ற எல்லைக்குள்ளோ, உறுதிக் காலத்தில் அவர் வாழக்கூடிய இடத்திலோ இருக்க வேண்டும். பட்டா இல்லாத புறம்போக்கில் குடிசை, ஆண்டில் பாதி செங்கல் சூளையில் என்று வாழும் இருளர் குடும்பத்திடம் போய் நிலையான இருப்பிடம் எங்கே என்று கேட்டால் என்ன சொல்வார்கள்?

இரண்டாவது கதவு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 479-ஆவது பிரிவு. இதற்கு முன் எந்தக் குற்றத்திலும் தண்டிக்கப்படாதவர், அதிகபட்ச தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கைச் சிறையில் கழித்திருந்தால் விடுவிக்கப்பட வேண்டும். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக் குற்றங்களுக்கு இது பொருந்தாது. நல்ல சட்டம்தான். ஆனால் அடுத்த உட்பிரிவைப் படியுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட குற்றங்களிலோ பல வழக்குகளிலோ விசாரணை நிலுவையில் இருந்தால் இந்தச் சலுகை கிடையாது.

'ஜெய்பீம்' படத்தின் முதல் காட்சியை நினைத்துப் பாருங்கள். சிறையிலிருந்து வெளியே வருகிறவர்களிடம் சாதி கேட்டுப் பிரிக்கிறார்கள். சில சாதிக்காரர்கள் மீது மட்டும் கிடப்பில் கிடக்கும் வழக்குகளைப் போடுகிறார்கள். அப்படிப் பழக்கப்பட்ட ஒரு காவல் நிலையம் கணினியில் ஏற்றும் விவரம் என்னவாக இருக்கும்? 'நிலுவை வழக்குகள்: நான்கு'. காவல், நீதிமன்றம், சிறை, தடய அறிவியல், அரசு வழக்கு நடத்தும் துறை ஆகிய ஐந்தின் தரவுகளையும் இணைக்கும் அமைப்பு இன்று இருக்கிறது. நகரியில் போட்ட வழக்கு திருத்தணியிலும் தெரியும். பொய் வழக்கா என்று கணினி கேட்காது, எண்ணிக்கை மட்டும் பார்க்கும்.

1871-இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் பிறப்பை வைத்து மக்களைப் பதிவேட்டில் ஏற்றியது. 1952-இல் அது நாடு முழுக்க ஒழிந்தது. பதிவேட்டில் ஏற்றும் பழக்கம் ஒழிந்துவிட்டதா?

சாதிக் கட்டத்தை நீக்கிவிட்டால் போதுமே என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். சுகன்யா சாந்தா வழக்கில் 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் சிறைப் பதிவேடுகளில் உள்ள சாதிக் கட்டத்தை நீக்கச் சொன்னது. வரவேற்போம். ஆனால் அமெரிக்க அனுபவத்தையும் பாருங்கள். மீண்டும் குற்றம் செய்வாரா என்று மதிப்பெண் போடும் ஒரு மென்பொருளை 2016-இல் புரோபப்ளிகா இதழாளர்கள் ஃபுளோரிடாவில் ஆராய்ந்தார்கள். பிறகு குற்றமே செய்யாதவர்களில், ஆபத்தானவர் என்று தவறாகக் குறிக்கப்பட்ட கறுப்பர்களின் விகிதம் வெள்ளையர்களைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. நிறுவனம் இதை மறுத்தது. ஆனால் அந்தப் படிவத்தில் இனம் என்ற கேள்வியே கிடையாது என்பதைக் கவனியுங்கள். பழைய கைதுகளும் வறுமையும் அந்த வேலையைச் செய்துவிடும். இங்கே காலனி என்று முடியும் முகவரி அதைச் செய்யும்.

அதற்காக மென்பொருளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஜாமீன் கிடைத்த தேதியைச் சிறை மென்பொருளில் ஏற்ற வேண்டும், ஏழு நாளில் வெளியே வராவிட்டால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இங்கே கணினி யாரையும் கழித்துக்கட்டவில்லை. மறக்கப்பட்டவரைத் தேடுகிறது.

அதனால் நாம் கேட்க வேண்டியவை தெளிவாக இருக்கின்றன. தகுதி உள்ளவரைக் கண்டுபிடிக்க மட்டும் மென்பொருளைப் பயன்படுத்துங்கள். தகுதி இல்லை என்று ஒதுக்கினால், மனிதர் ஒருவர் கையெழுத்திட்டு, காரணத்தைத் தமிழில் எழுதிக் கொடுக்கட்டும். பட்டாவும் வீட்டு வரி ரசீதும் இல்லாதவருக்கு அவர் சார்ந்த சங்கத்தின் உறுதியை முகவரியாக ஏற்க வேண்டும். தனி நபரின் பக்கத்தில் சாதி தெரியக் கூடாது. ஆனால் எத்தனை பேருக்கு வாய்ப்பு கொடுத்தீர்கள், எத்தனை பேருக்கு மறுத்தீர்கள் என்ற மொத்தக் கணக்கு சாதிவாரியாக ஆண்டுதோறும் வெளிவர வேண்டும். அந்தக் கணக்கு இல்லாமல் பாகுபாட்டை நிரூபிக்க முடியாது.

சட்டம் படிக்கும் தோழர்கள், கணினி படிக்கும் தோழர்கள் இரண்டு பேரும் இந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள். சேர்ந்து உட்கார்ந்து, நம் மாவட்டத்துக்கான தகவல் உரிமை மனுவை இன்றே எழுதத் தொடங்குவோம்.