கூண்டில் ஏறுவதற்கு முன்

மழைக்குள்ள இவ்வளவு பேர் வந்திருக்கிறியள். நேரே விசயத்துக்கு வாறன்.

சில வருசத்துக்கு முன்னால ஒரு ஊர்வலத்தில எங்கட நண்பர் ஒருவரைப் பொலிஸ் பிடிச்சது. அதிகாரியைத் தள்ளினார் எண்டு வழக்கு. அவர் தள்ளேல்லை எண்டு நான் இண்டைக்கும் நம்புறன். ஆனால் நான் பார்க்கேல்லை. பின்னுக்குப் பதாகையோட நிண்டனான். 'பக்கத்தில நிண்டனான் எண்டு சொல்லு, காணும்' எண்டு கேட்டினம். நானும் ஓம் எண்டிட்டன். வழக்கறிஞர் கேட்டது ஒரே ஒரு கேள்வி: 'உண்மையாய் எங்க நிண்டனீ?' எனக்கு வாய் வரேல்லை. உண்மையைச் சொன்னன். 'அப்ப நீ சாட்சி இல்லை' எண்டு கோப்பை மூடினார்.

இங்கிலாந்தில் பொய்ச் சாட்சிக்கான சட்டம் 1911-ஆம் ஆண்டினது. அதிகபட்சத் தண்டனை ஏழு வருடச் சிறை. வேதநூலில் கை வைத்தாலும், கடவுள் பெயரில்லாமல் உறுதிமொழி எடுத்தாலும் ஒன்றுதான். பொய்யென்று தெரிந்து சொன்னால் மட்டுமில்லை, உண்மையென்று நம்பாமல் வேண்டுமென்றே சொன்னாலும் குற்றம். ஆனால் அந்தப் பொய் வழக்கின் முடிவோடு தொடர்பானதாக இருக்கவேண்டும். நேர்மையாகப் பிழைவிட்டால் குற்றமில்லை. என் விசயத்தில் நான் நின்ற இடம்தான் முழு வழக்கும்.

இன்னொண்டு. அதே பிரிவு சத்தியம் எடுத்த மொழிபெயர்ப்பாளருக்கும் பொருந்தும். மாமிமாருக்காகக் கோட்டில மொழிபெயர்க்கப் போற ஆக்கள், அவ சொல்லாததை அவவுக்கு நல்லது எண்டு நினைச்சுச் சேர்க்காதேங்கோ.

சரி, இந்தச் சட்டம் எல்லாருக்கும் ஒரே மாதிரியா வேலை செய்யுது? அவதூறு வழக்குகளில் பொய் சொன்ன இரண்டு கன்சர்வேட்டிவ் அரசியல்வாதிகள் உள்ளே போனது உண்மை: 1999-இல் ஜொனதன் எய்ட்கன், 18 மாதம், 2001-இல் ஜெஃப்ரி ஆர்ச்சர், நான்கு வருடம். அவர்களை எதிர்த்து நின்றவை பெரிய பத்திரிகைகள் எண்டதையும் கவனியுங்கோ.

இப்ப தபால் கந்தோர் கதையைப் பாருங்கோ. 1999 முதல் 2015 வரை, ஹொரைசன் கணினி காட்டிய பற்றாக்குறைக்காக 900-க்கும் மேற்பட்டவர்கள் குற்றவாளிகளாக்கப்பட்டார்கள். அதில எங்கட தெற்காசியக் கடைக்காரர் எத்தினை பேர்! கணினி சரியாக வேலை செய்தது என்று நிரூபிக்கவேண்டிய பழைய விதியை 1999-இல் எடுத்துவிட்டார்கள். அதுக்குப் பிறகு இயந்திரம் சொன்னால் சரி எண்டுதான் ஆரம்பமே. 2013-இல் தபால் நிறுவனத்துக்கு ஆலோசனை சொன்ன வழக்கறிஞரே, மென்பொருள் பிழைகள் தெரிந்தும் நிபுணர் சாட்சி அவற்றை நீதிமன்றத்துக்குச் சொல்லவில்லை என்று எழுதிக் கொடுத்தார். 2019 தீர்ப்புக்குப் பிறகு நீதிபதி அந்தச் சாட்சியங்களை அரச வழக்குத்தொடுநருக்கு அனுப்பினார். பொய்ச் சாட்சியா என்று பொலிஸ் விசாரிக்கத் தொடங்கினது 2020-இல். உப தபாலதிபர்மாரை மறியலுக்கு அனுப்ப அவ்வளவு காலம் எடுக்கேல்லை.

ஹில்ஸ்பரோ இன்னும் மோசம். 97 பேர் இறந்த அந்த மைதானச் சம்பவத்தில் 164 பொலிஸ் வாக்குமூலங்கள் திருத்தப்பட்டன. 2021-இல் வழக்கு நடுவிலேயே சரிந்தது. காரணம், வாக்குமூலங்கள் போன டெய்லர் விசாரணை சட்டப்படி நீதிமன்ற நடவடிக்கை இல்லையாம். பொய் எங்கே சொல்லப்பட்டது என்பதை வைத்து மனிதர் தப்புகிறார். அந்த ஓட்டையை அடைக்கத்தான் 'ஹில்ஸ்பரோ சட்டம்' கேட்கினம். அதுக்கான மசோதா 2025 செப்டம்பரில் நாடாளுமன்றத்துக்கு வந்தது.

இதைக் கேட்டு 'அவை பொய் சொல்லலாம், நாங்கள் சொல்லக் கூடாதோ?' எண்டு ஒரு தம்பி போன கூட்டத்தில கேட்டவர். எனக்கும் அந்தக் கோபம் இருக்கு. ஆனால் பொலிஸ் பொய் சொல்லுது எண்டு நாங்கள் கூண்டில நிண்டு சொல்லேக்க, குறுக்கு விசாரணையில எங்கட ஒரு பொய் பிடிபட்டால் மிச்ச எல்லாச் சாட்சியும் விழும். பக்கத்தில நிண்டு உண்மையாய்ப் பார்த்தவரின்ர சாட்சியும் சேர்ந்து விழும்.

என்ர நண்பருக்குக் குற்றப்பணம் விழுந்தது. ஒரு வருசம் அவர் என்னோட கதைக்கேல்லை. பிறகு தெரிஞ்சுது, பஸ் தரிப்பிடத்தில நிண்ட ஒரு அம்மா எல்லாத்தையும் பார்த்தவவாம். நாங்கள் ஒருத்தரும் அவவின்ர பெயரைக் கேட்டு வைக்கேல்லை.

பின் மேசையில கொப்பிகள் கிடக்கு. அடுத்த ஊர்வலத்துக்கு வாறவை ஒண்டு எடுங்கோ. அண்டு இரவே எழுதுங்கோ: எத்தினை மணி, எங்க நிண்டனீங்கள், என்ன பார்த்தனீங்கள். பார்க்காததுக்கு 'பார்க்கேல்லை' எண்டும் எழுதுங்கோ.