இரண்டே இரண்டு டிக்கெட்

(மும்பையில் நடந்த அங்கத்தினர் குடும்பக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலர் எனக்குக் கொடுத்த தலைப்பு "நடுவயதுத் தம்பதிகளும் உல்லாசப் பயணமும்". எழுபத்தாறு வயதுக்காரனைக் கூப்பிட்டு இதைப் பற்றிப் பேசச் சொன்னதில் ஏதோ குறும்பு இருக்கிறது. இருந்தாலும் ஒரே ஒரு முறை நாங்கள் அப்படிப் போய் வந்த கதையைச் சொல்கிறேன்.

நம்மவர்கள் பயணம் போகாதவர்கள் அல்ல. நான் 1971 முதல் 2009 வரை மத்திய அரசில் உத்தியோகம் பார்த்தவன். எல்.டி.சி. என்றால் என்ன என்று இந்தச் சபையில் விளக்க வேண்டியதில்லை. நான்கு வருஷ ப்ளாக்கில் ஒரு தடவை இந்தியாவில் எங்கு வேண்டுமானாலும் போகலாம், இன்னொரு தடவை சொந்த ஊர். காசி, பத்ரி, பூரி, கும்பகோணம் என்று ஒன்றைக்கூட நான் காலாவதியாக விட்டதில்லை. ஆனால் ஒவ்வொரு க்ளெய்மிலும் ஐந்து பெயர் இருக்கும். நான், மனைவி, அம்மா, பெண், பையன். கணவன் ஒரு பக்கம், குடும்பம் ஒரு பக்கம் என்று தனித்தனியாகப் போகக்கூட அந்த விதிகளில் இடம் உண்டு. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் மட்டும் போகக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

2000-இல் பெண் கல்யாணமாகி பெங்களூர் போனாள். பையன் ஹாஸ்டலில். வீட்டில் நாங்கள் இருவரும் அம்மாவும்தான். காஸ் புக் பண்ணியாச்சா, அம்மாவின் பிரஷர் மாத்திரை இருக்கிறதா, சொசைட்டி பில் கட்டியாச்சா, இவ்வளவுதான் எங்கள் பேச்சு. சண்டை கிடையாது. சண்டை போடவும் ஒரு விஷயம் வேண்டுமே!

பெண்தான் போனில், "அப்பா, அம்மாவை இரண்டு நாள் மாதேரான் அழைச்சுண்டு போயேன்" என்றாள். எனக்குக் கூச்சம். என் தாயாருக்கு அப்போது எழுபத்தெட்டு வயது. அவரிடம் எப்படிச் சொல்வது? கடைசியில் மென்று விழுங்கிச் சொன்னேன். அம்மா சிரித்தாள். "உங்கப்பா என்னை ராமேஸ்வரத்துக்குத்தான் அழைச்சுண்டு போனார். கூட பதினோரு பேர். அத்தனை பேருக்கும் நான்தான் புளியோதரை கட்டினேன். நீங்க போயிட்டு வாங்கோடா." பக்கத்து ஃபிளாட் மாமி அம்மாவைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். எந்த க்ஷேத்திரம் என்று கேட்டவர்களிடம், "ஒரு சிவன் கோயில்" என்று சொல்லி வைத்தேன். பொய் இல்லை. மாதேரானில் ஷார்லட் ஏரிக்குப் பக்கத்தில் பிசர்நாத் மகாதேவர் கோயில் இருக்கிறது!

2001 நவம்பரில் கர்ஜத் லோக்கலில் ஏறி நேரலில் இறங்கினோம். அங்கிருந்து இரண்டடி கேஜ் பொம்மை ரயில். 1907-இல் ஒரு பீர்பாய் குடும்பத்தார் போட்ட பாதை. 21 கிலோமீட்டருக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். வழியில் ஒரே ஒரு குகை. அதற்கு "ஒன் கிஸ் டனல்" என்று பட்டப்பெயர். ஒரு முத்தம் கொடுப்பதற்குள் வெளிச்சம் வந்துவிடுமாம். நான் இந்த விவரத்தை உற்சாகமாகச் சொல்லி முடிப்பதற்குள் குகை வந்துவிட்டது. "ஜன்னலைச் சாத்துங்கோன்னா, ஒரே புழுதி" என்றாள் என் அகத்துக்காரி.

மாதேரான் சுமார் 800 மீட்டர் உயரம். ஊருக்குள் மோட்டார் வாகனம் கூடாது. அப்போது பெரும்பாலும் குதிரை, இல்லாவிட்டால் நடை. சைவச் சாப்பாடு போடும் குஜராத்தி விடுதிகள் உண்டு. பூண்டு வேண்டாமென்று முன்பே சொல்லிவிட வேண்டும். முதல் நாள் பத்து மணிக்குள் எங்களுடைய காஸ், மாத்திரை, பில் எல்லாம் பேசித் தீர்ந்துவிட்டது. அப்புறம் மௌனம். இரண்டு பேர் மட்டும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டு எத்தனை வருஷமாயிற்று என்று கணக்குப் போட்டேன். விடை வரவில்லை. அன்று மாலையே திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

மறுநாள் காலையிலிருந்து நடந்தோம். செம்மண் பாதை, இரண்டு பக்கமும் மரம், கூடவே குரங்குகள். ஹாரன் இல்லாததால் மெதுவாகப் பேசினாலும் காதில் விழுகிறது. மும்பைத் தெருவில் நான் எப்போதும் பத்தடி முன்னால் போகிறவன். லிஃப்ட் இல்லாத நான்காவது மாடிக்கு ஒரு நாளில் பலமுறை ஏறி இறங்கிப் பழகிய அவள் இங்கே எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். நான்தான் மூச்சு வாங்கினேன்.

மாலையில் லூயிசா பாயிண்டில் உட்கார்ந்திருந்தபோது அவள் சொன்னாள். 1979 ஜூனில் எங்கள் பகுதிப் பள்ளி ஒன்றில் அவளுக்குக் கணக்கு டீச்சர் வேலை கிடைத்ததாம். அவள் பி.எஸ்ஸி. கணிதம், பி.எட். வேறு. காகிதத்தை என்னிடம் காட்டியபோது நான் செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமல், "இப்ப எதுக்கு? குழந்தையை யார் பார்த்துப்பா?" என்றேனாம்.

எனக்கு அது நினைவே இல்லை. அவளுக்குத் தேதிகூட நினைவிருந்தது. ஆபீசில் ஒரு மனுவை நிராகரித்தால் காரணம் எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதியிட வேண்டும். வீட்டில் நான் அதைக்கூடச் செய்யவில்லை. குழந்தையை என் அம்மா பார்த்துக்கொள்ளத் தயாராக இருந்தாள் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

நான் கெமிஸ்ட்ரி படித்தவன். லேபில் ஹைப்போ உப்பைச் சூட்டில் நிறையக் கரைத்து, அசைக்காமல் ஆறவிட்டால் தெளிந்த தண்ணீர் போல நிற்கும். உள்ளே ஒன்றும் இல்லை என்றே தோன்றும். அதே உப்பில் ஒரு சின்னத் துகள் போட்டால் போதும், மொத்தமும் கட்டியாகும். பாத்திரமும் சுடும். இருபத்திரண்டு வருஷம் அப்படித்தான் நின்றிருக்கிறது. அவள் அழவில்லை. கோபமாகவும் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மன்னிப்புக் கேட்கத் தெரியாமல் கடைத்தெருவில் இரண்டு பாக்கெட் சிக்கி வாங்கிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள்.

அடுத்த ஜூனில் எங்கள் பில்டிங் குழந்தைகளுக்கு அவள் கணக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினாள். போன வருஷம் வரை நடத்தினாள். அது அந்த வேலைக்கு ஈடாகாது என்பது எனக்குத் தெரியும்.

இதையெல்லாம் வீட்டிலேயே பேசியிருக்கலாமே என்று கேட்பீர்கள். வீட்டில் குக்கர் சத்தம் போடும், பெரியவர்கள் கூப்பிடுவார்கள், மணி அடிக்கும். ஒரு பேச்சு வாய்க்கு வர எங்களுக்கு ஒன்றரை நாள் பிடித்தது. ஒன்றரை நாள் குறுக்கீடு இல்லாத வீடு நம்மில் யாருக்கு இருக்கிறது?

ஆகையால் நாற்பத்தைந்து, ஐம்பது வயதிலிருக்கும் உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். டூர் கோஷ்டியோடு போகாதீர்கள். கட்டிலில் ரோஜா இதழ் தூவி கேக் வெட்டும் "கப்பிள் பேக்கேஜ்" எல்லாம் சின்னஞ்சிறுசுகளுக்கு. பார்க்க வேண்டிய இடம் என்று பட்டியல் போடாதீர்கள். மாதேரானில் முப்பதுக்கு மேல் பாயிண்ட் இருக்கிறது, நாங்கள் பார்த்தது நாலு. இரண்டு ராத்திரியாவது தங்குங்கள், முதல் நாள் வீணாகத்தான் போகும். பேரக்குழந்தையோடு வீடியோ கால் வேண்டாம். பெரியவர்களைத் தனியே விட முடியாதவர்கள் உடன்பிறந்தவர்களிடம் கூச்சப்படாமல் உதவி கேளுங்கள். குழந்தைகள் "இந்த வயசுல ஹனிமூனா" என்று கேலி செய்தால் செய்துவிட்டுப் போகட்டும்.

மழைக்காலத்தில் நேரலிலிருந்து ரயில் மேலே ஏறாது. ஆகவே தீபாவளிக்குப் பிறகு, ரயில் ஓடுகிறதா என்று விசாரித்துக்கொண்டு போங்கள். 2022 டிசம்பரில் அங்கே சோதனையாக மின் ரிக்‌ஷா விட்டார்கள். அதைச் சொல்லித்தான் இந்த வருஷம் மறுபடி போகலாமா என்று இவளைக் கேட்டேன். இவளுக்கு இப்போது முழங்கால் வலி. "ரிக்‌ஷாவில் நீங்க வாங்கோ. நான் முடிஞ்சவரை நடக்கறேன்" என்கிறாள்.

மூன்றாவது வரிசையில் உட்கார்ந்துகொண்டு, போதும் இறங்கி வாங்கோ என்று ஜாடை காட்டுகிறாள்.