எவ்வளவு உயரம் போதும்?

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)





அணுமின் நிலையங்களின் பாதுகாப்பைப் பற்றி எங்கள் வகுப்பினர் பேசப்போகிறோம் என்றதும், கல்முனையில் அணு உலை ஏது என்று சிலர் சிரித்தீர்கள். ஆனால் அதன் மையக் கேள்வி நமக்குப் புதியதல்ல. கடல் எவ்வளவு உயரம் வரும்? அதற்கு மேல் எவ்வளவு விட்டுவைப்பது?

நமது அடுப்படியிலும் இதே கணக்குத்தான். கந்தூரிக்கு நூறு பேர் என்றால் நூற்றிருபது பேருக்கு உலை வைக்கிறோம். சோறு மிஞ்சினால் அயலுக்குக் கொடுக்கலாம். வந்தவர் பசியோடு திரும்பினால் அந்தக் குறை நெடுநாள் நிற்கும். எந்தப் பக்கத்துப் பிழை அதிகம் நோகுமோ, அந்தப் பக்கத்தில் கூட்டி வைக்கிறோம். பொறியியலாளர்கள் இதைப் பாதுகாப்பு இடைவெளி என்கிறார்கள்.

தமிழ்நாட்டுக் கூடங்குளத்தில், கடல் வெள்ளம் 5.44 மீற்றர் வரை எழலாம் எனக் கணித்து, அதன் மேல் 2 மீற்றர் சேர்த்தார்கள். 2004இல் அங்கு வந்த அலை ஏறத்தாழ 2.2 மீற்றர்தான். அதற்காக அந்த மேலதிக உயரம் வீண் என்று சொல்ல முடியாது. ‘எங்கள் கணக்கும் பிழைக்கலாம்’ என்ற ஒப்புதல் அது.

அதே டிசம்பர் 26ஆம் திகதி, கல்பாக்கத்தில் ஓர் உலை இயங்கிக்கொண்டிருந்தது. கடல்நீர் எடுக்கும் சுரங்க வழியாகத் தண்ணீர் பம்பு அறைக்குள் ஏறியது. பணியாளர்கள் உலையைப் பத்திரமாக நிறுத்தினார்கள். ஒரு வாரத்தில் அது மீண்டும் இயங்கியது. ஆனால் பக்கத்துக் குடியிருப்பில் உயிர்கள் போயின. நமது அம்பாறை மாவட்டத்தில் மட்டும் போனவர்கள் 10,000க்கும் மேல். உலைக்கு இடைவெளி இருந்தது, வீடுகளுக்கு இருக்கவில்லை.

பெரிய நாடுகளும் பிழை விட்டன. ஜப்பானின் புகுஷிமா நிலையம் ஏறத்தாழ 6 மீற்றர் அலைக்கே ஆயத்தமாக இருந்தது. 2011 மார்ச் 11இல் வந்தது 14 மீற்றர் அளவில். அவசர மின்பிறப்பாக்கிகள் பெரும்பாலும் நிலக்கீழ் அறைகளில் இருந்ததால் மூழ்கின. வேறு கட்டிடத்தில், காற்றால் குளிரூட்டப்பட்ட ஒன்று தப்பியது. அதுவே ஐந்தாம், ஆறாம் உலைகளைக் காத்தது. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்காதிருப்பதும் ஓர் இடைவெளிதான்.

அதே கரையில் ஒனகாவா நிலையம் தப்பியது. யனோசுகே ஹிராய் என்ற பொறியியலாளர், 869ஆம் ஆண்டின் பழைய சுனாமியை மறவாமல், உயர்ந்த தரையில் கட்டவேண்டும் என்று பிடிவாதமாக நின்றிருந்தார். அது 14.8 மீற்றர் உயரத்தில் கட்டப்பட்டது. வந்த அலை ஏறத்தாழ 13.

ஒரு சிறு கணக்கு. ஆயிரம் வருடத்துக்கு ஒரு தடவை வரக்கூடிய ஆபத்து, நமது பாடசாலையின் வயதான நூறு வருடங்களுக்குள் வந்துவிடும் வாய்ப்பு ஏறத்தாழ பத்தில் ஒன்று. ‘உம்மம்மா காலத்தில் வரவில்லை’ என்பது ஆதாரமாகாது.

சுனாமிக்குப் பின் கிழக்கில் 200 மீற்றர் காப்பு வலயம் அறிவித்தார்கள். மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் கடலுக்கும் வயலுக்கும் நடுவே நெருங்கி வாழும் மக்கள், எங்கே போவது என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. வலயம் பின்னர் தளர்த்தப்பட்டது, கடல் தளரவில்லை. நிலத்தால் இடைவெளி விட முடியாத ஊர், நேரத்தாலும் அறிவாலும் விடவேண்டும். எந்த ஒழுங்கையால் ஓடுவது, நடக்கமுடியாதவரை யார் தூக்குவது, எந்த மாடி உறுதியானது என்பவை இன்றே முடிவாக வேண்டும்.

அந்த வருடத்து வரவு இடாப்பில் இடையில் நின்றுபோன பெயர்கள் உண்டு. அவர்களுக்காக ஒரு வேண்டுகோள். அன்று உங்கள் வீட்டில் தண்ணீர் எதுவரை வந்தது என்பதை எழுதிச் சங்கத்திடம் தாருங்கள். அதன் பிறகு பிறந்த பிள்ளைகள்தான் இன்று இந்த வகுப்பறைகளில் இருக்கிறார்கள். அவர்களுக்கு நாம் விட்டுச்செல்லும் பாதுகாப்பு இடைவெளி அதுவே.