உமியும் டயரும்



மோட்டார் வண்டியின் டயர் முழுவதும் மரத்தின் பாலால் ஆனது என்றே நான் நெடுநாள் எண்ணியிருந்தேன். உண்மை அதுவன்று. இயற்கை ரப்பர் அதில் ஒரு பங்குதான். பெட்ரோலியத்திலிருந்து பெறும் செயற்கை ரப்பர், கரித்தூள், எண்ணெய், எஃகுக் கம்பி, நூலிழை ஆகியனவும் அதில் அடங்கும்.

தேய்ந்த டயரை உருக்கிப் புது டயர் வார்த்தால் என்ன? 1839-ஆம் ஆண்டில் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர், கந்தகம் சேர்த்துச் சூடேற்றிய ரப்பர் வெயிலில் இளகாமலும் குளிரில் விறைக்காமலும் இருப்பதைக் கண்டார். ரப்பரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளைக் கந்தகம் ஒன்றோடொன்று பிணைத்துவிடுகிறது. மெழுகை மீண்டும் உருக்கலாம். சுட்ட செங்கல்லைக் களிமண்ணாக்க இயலுமா? டயரும் அத்தகையதே. அதற்கு உறுதி தந்த பிணைப்பே அதன் மறுபிறவிக்குத் தடையாக நிற்கிறது. பிணைப்பை அறுக்க முயன்றால் சங்கிலியும் உடன் அறுபடுகிறது. ஆகவே, அவ்வாறு மீட்ட ரப்பரைப் புது டயரில் சிறிதளவே கலக்கின்றனர்.

வேறு வழிகளும் உண்டு. காற்றுப் புகாத கலத்தில் பழைய டயரைச் சூடாக்கினால் எண்ணெயும் வாயுவும் பிரிந்து, கரியும் எஃகும் எஞ்சும். அக்கரியை அரைத்துப் பக்குவப்படுத்தி மீண்டும் டயருக்குப் பயன்படுத்துகின்றனர்.

நம் நெல் ஆலைகளில் குவியும் உமியும் இதற்கு உதவுகிறது. உமியை எரித்தால் அதன் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாகும். அச்சாம்பலில் பெரும்பகுதி சிலிகா. தரையைத் தொடும் ரப்பரில் சிலிகா சேர்த்தால், டயர் உருளும்போது வீணாகும் சக்தி குறையும். ஈரச் சாலையிலும் பிடிப்பு இருக்கும். மணலிலிருந்து சிலிகா எடுக்க, அதைச் சோடாவுடன் ஆயிரம் டிகிரிக்கும் மேற்பட்ட வெப்பத்தில் உருக்க வேண்டும். உமிச் சாம்பலோ மிகக் குறைந்த வெப்பத்திலேயே காரக் கரைசலில் கரைகிறது. அவ்வாறே பெட்ரோலிய எண்ணெய்க்குப் பதிலாகச் சோயா எண்ணெய் சேர்த்த டயர்கள் 2017-ஆம் ஆண்டில் அமெரிக்கச் சந்தைக்கு வந்தன.

ஆயினும் ஒன்றை மறக்கலாகாது. ஓடும் காரைச் சாலையில் பிடித்து நிறுத்துவன, உள்ளங்கையளவான நான்கு ரப்பர்ப் பரப்புகளே. மலிவு என்றோ மறுபயன் என்றோ கருதி எதையும் அதில் சேர்த்துவிட இயலாது. ஒவ்வொரு பொருளும் வெப்பத்திலும் மழையிலும் சோதிக்கப்பட்டே இடம் பெற வேண்டும்.

சங்கிலி சிதையாமல் கந்தகப் பிணைப்பை மட்டும் அவிழ்க்கும் கலை இன்னும் முழுமையாகக் கைகூடவில்லை. உங்களுள் இரசாயனம் பயில்வோர் அதனை நிறைவேற்றுவீர்களாக.