எத்தனை பேர்? எந்தப் பக்கம்?

(சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை)



செயலாளர் எனக்கு 20 நிமிடம் கொடுத்திருக்கிறார். "பத்திரிகையில 30 வருஷம் இருந்தவன், அதைப் பத்தியே பேசுப்பா"ன்னு சொல்லிட்டார். சரி. போர் என்று வந்துவிட்டால் பத்திரிகையும் தொலைக்காட்சியும் எப்படி மாறிப்போகின்றன என்பதற்கு 2003 ஈராக் போர் ஒரு பாடப் புத்தகம். அதிலிருந்து இரண்டே கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன்.

முதல் கேள்வி, எத்தனை பேர்?

2002 அக்டோபர் 26, சனிக்கிழமை. வாஷிங்டனில் போர் வேண்டாம் என்று பெரிய பேரணி. மறுநாள் நியூயார்க் டைம்ஸ், ஏற்பாட்டாளர்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவான பேரே வந்ததாக எழுதியது. நாலு நாள் கழித்து அதே பத்திரிகை என்ன எழுதியது தெரியுமா? போலீஸ் கணக்கில் 1 லட்சம், ஏற்பாட்டாளர் கணக்கில் 2 லட்சம். 20,000 பேருக்கு அனுமதி வாங்கியிருந்த ஏற்பாட்டாளர்களே திகைத்துப் போனார்கள் என்று. ஒரே பேரணி, ஒரே பத்திரிகை!

2003 பிப்ரவரி 15 அன்று உலகின் நூற்றுக்கணக்கான நகரங்களில் ஊர்வலம். லண்டனில் மட்டும் போலீஸ் கணக்கு 7½ லட்சத்துக்கு மேல். நடத்தியவர்கள் சொன்னது 20 லட்சம் வரை. தலையை எண்ணுவதிலேயே செய்தியின் பாதி இடம் போய்விடும். அவங்க ஏன் வந்தாங்க, கையில என்ன ஆதாரம் வெச்சிருந்தாங்கங்கிறது கடைசிப் பத்தியில நிக்கும். இடம் போதவில்லை என்றால் உதவி ஆசிரியர் முதலில் வெட்டுவது கடைசிப் பத்தியைத்தான். இது எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரியும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். கூட்டம் அதிகம் என்பதால் ஒரு வாதம் சரியாகிவிடாது. அதிபர் புஷ்ஷும் அந்தப் பேரணிகளைப் பற்றி ஏறக்குறைய இதைத்தான் சொன்னார். கூட்டத்தின் அளவை வைத்துக் கொள்கை வகுக்க முடியாது என்றார். நியாயம்தான். ஆனா அவர் பதில் சொன்னது எண்ணிக்கைக்கு. வந்தவங்க கேட்ட கேள்விக்கு இல்லை!

இரண்டாவது கேள்வி, எந்தப் பக்கம்?

போர்க்காலத்தில் எல்லாரும் எல்லாரையும் கேட்பது இதைத்தான்: "நீ எந்தப் பக்கம்?" நான் கேட்கச் சொல்வது வேறு. செய்தி எந்தப் பக்கத்தில் வந்தது?

2002 ஆகஸ்டிலிருந்து போர் தொடங்கும் வரை, ஈராக்குக்கு எதிரான அரசின் பேச்சையே பெரிதும் மையமாகக் கொண்டு 140-க்கும் மேற்பட்ட முதல் பக்கச் செய்திகளை வாஷிங்டன் போஸ்ட் வெளியிட்டது. 2004-இல் அந்தப் பத்திரிகையே எண்ணிச் சொன்ன கணக்கு இது. தடை செய்யப்பட்ட ஆயுதங்கள் எங்கே, எவ்வளவு என்று உளவுத் துறையால் திட்டமாகச் சொல்ல முடியவில்லை என்று வால்டர் பிங்கஸ் எழுதிய செய்தி, போருக்குச் சில நாட்களே இருந்தபோது வெளியானது. எங்கே? 17-ஆம் பக்கத்தில்.

தொலைக்காட்சிக்கும் இதே கதைதான். எம்.எஸ்.என்.பி.சி. சேனலில் அதிகம் பேர் பார்த்த நிகழ்ச்சி, போரை எதிர்த்த பில் டோனஹியூ நடத்தியது. 2003 பிப்ரவரி 25-இல் அதை நிறுத்தினார்கள். போர் நேரத்தில் அவர் சேனலுக்குச் சங்கடமான முகம் என்று நிர்வாகத்தின் உள் அறிக்கை ஒன்று சொன்னது பிறகு வெளியே வந்தது. போரின் முதல் 3 வாரங்களில் 6 சேனல்களின் செய்தி நிகழ்ச்சிகளில் பேசியவர்களை 'ஃபேர்' என்ற ஊடகக் கண்காணிப்பு அமைப்பு எண்ணிப் பார்த்தது. அமெரிக்கர்களில் 71 சதவீதம் போருக்கு ஆதரவு. எதிர்த்துப் பேசியவர்கள் 3 சதவீதம். கருத்துக் கணிப்புகளிலோ ஏறக்குறைய நாலில் ஒருவர் போரை எதிர்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாரும் அப்படியா? இல்லை. நைட் ரிடர் நிறுவனத்தின் ஜொனாதன் லாண்டே, வாரன் ஸ்ட்ரோபெல் இருவரும் மந்திரிகளை விட்டுவிட்டுக் கீழ்மட்ட அதிகாரிகளைத் தேடிப்போய்க் கேட்டார்கள். அரசு சொல்வது சந்தேகத்துக்குரியது என்று அப்போதே எழுதினார்கள். ஆனால் அந்த நிறுவனத்துக்கு வாஷிங்டனிலும் நியூயார்க்கிலும் பத்திரிகை கிடையாது. படிக்க வேண்டியவர்கள் கண்ணில் படவில்லை.

2004 அக்டோபரில் அமெரிக்க அரசின் ஆய்வுக் குழுவே, ஈராக்கில் பேரழிவு ஆயுதக் கையிருப்பு இல்லை என்று அறிக்கை கொடுத்தது. அதற்குள் எத்தனை உயிர் போய்விட்டது! அதே ஆண்டு மே 26-இல் நியூயார்க் டைம்ஸ், தன் செய்திகள் சில போதிய கண்டிப்போடு சோதிக்கப்படவில்லை என்று ஒப்புக்கொண்டது. பாராட்ட வேண்டியதுதான். ஆனா அந்தக் குறிப்பு வந்தது 10-ஆம் பக்கத்துல!

நம் பிள்ளைகள் இன்று செய்தியைக் கைப்பேசியில் படிக்கிறார்கள். அதில் பக்கமே கிடையாது. எது மேலே வருகிறதோ அதுதான் முதல் பக்கம். அதனால்தான் இன்னும் கவனம் வேண்டும் என்கிறேன். அடுத்த போர் எங்கே வந்தாலும், "நீ எந்தப் பக்கம்?" என்று யாராவது கேட்டால் அவசரப்படாதீர்கள். வேண்டாம் என்று சொல்கிறவன் என்ன காரணம் சொல்கிறான் என்று தேடிப் படித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். அதற்குப் பிறகு நீங்கள் எந்தப் பக்கம் நின்றாலும் எனக்குச் சம்மதமே.

மணி அடிச்சிட்டாங்க, சாப்பாடும் தயார்.