இணைப்பு வேறு, எரிபொருள் வேறு



ஏழை வீடுகளின் அடுப்புப் புகையை ஒழிப்பதாகக் கூறி, உஜ்வாலா திட்டத்தைப் பிரதமர் உத்தரப்பிரதேசத்தின் பலியாவில் தொடங்கிவைத்த நாள் 2016 மே 1. 2019 செப்டம்பருக்குள் 8 கோடி எரிவாயு இணைப்புகள் வழங்கப்பட்டன. இதை நாம் மறுக்க வேண்டியதில்லை.

ஆனால், இணைப்பு ஒருமுறை கிடைப்பது. எரிபொருளோ மீண்டும் மீண்டும் வாங்க வேண்டியது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, கிராமப்புறக் குடும்பங்களில் 43 விழுக்காடு மட்டுமே தூய எரிபொருளில் சமைத்தன. 2022-23இல்கூட உஜ்வாலா குடும்பங்கள் வாங்கிய சிலிண்டர்கள், ஆண்டுக்குச் சராசரியாக நான்கைத் தொடவில்லை.

ஏன்? 2020 மே முதல் மானியம் ஏறக்குறைய இல்லாமற்போயிற்று. 2022இல் உஜ்வாலா குடும்பங்களுக்கு 200 ரூபாய் அறிவிக்கப்பட்டது. 2023 மார்ச்சில் தில்லியில் சிலிண்டர் விலை 1,103 ரூபாய். முழு விலையையும் முதலில் கொடுக்க வேண்டும். மானியம் பின்னர்தான் வங்கிக் கணக்கிற்கு வரும். அன்றாடக் கூலியில் வாழும் குடும்பம் அந்தத் தொகையை ஒரே நாளில் எங்கிருந்து திரட்டும்? எனவே, சிலிண்டர் மூலையில் நிற்க, வறட்டியும் சுள்ளியும் மீண்டும் எரிகின்றன.

விறகுக்கு விலையில்லை என்பார்கள். அதைச் சேகரிக்கும் பெண்ணின் உழைப்புக்கும், புகையில் நலியும் அவளது நுரையீரலுக்கும் விலை வைக்காதவர்களின் கணக்கு அது.

ஆகவே, மானியத்தைக் கழித்த விலையிலேயே சிலிண்டர் வழங்கு எனக் கோருவோம். கூலி உயர்வுக்கான போராட்டத்தோடு இதையும் இணைப்போம். நாளை மின்னடுப்பு வந்தாலும் கேள்வி இதுவே: மாதக் கட்டணத்தை யார் தாங்குவது?