மருந்துக் கொம்பும் தோல் பையும்

பதினெட்டாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் அப்பலேச்சிய மலைக்காடுகளுக்கு வேட்டைக்குப் போனவன் துப்பாக்கியை மட்டும் தூக்கிக்கொண்டு போகவில்லை. அவன் இடுப்போரம் ஒரு சின்னத் தோல் பை தொங்கும், அதை ஒட்டியே ஒரு மாட்டுக் கொம்பும் தொங்கும். பையில் ஈயக் குண்டு, கொம்பில் கரிமருந்து. இவை இல்லாவிட்டால், பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியக் கைவினைஞர்கள் பார்த்துப் பார்த்துச் செய்த நீளக்குழல் துப்பாக்கி வெறும் தடிதான். 1769-இல் கென்டக்கி காட்டுக்குள் போன வேட்டைக்காரர் டேனியல் பூன் 1771-இல்தான் வீடு திரும்பினார். அத்தனை நாளும் கடை கண்ணி எதுவும் கிடையாது. கையில் இருப்பதைக் காப்பாற்றியாக வேண்டும்.

கரிமருந்தில் 100-க்கு 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். அதற்கு ஈரமும் ஆகாது, நெருப்புப் பொறியும் ஆகாது. நமுத்துப்போனால் பற்றாது, பொறி பட்டால் ஆளையே கொண்டுபோய்விடும். இரும்புக் குப்பியில் வைத்தால் உரசலில் பொறி வரலாம். தோல் பையில் போட்டால் ஈரம் ஏறும். கொம்பில் இந்த இரண்டு தொல்லையும் இல்லை. எடையும் குறைவு, கீழே விழுந்தாலும் எளிதில் உடையாது. ஓர் அமெரிக்கப் பண்ணையில் கொம்புக்குப் பஞ்சமும் கிடையாது.

அதைச் செய்யும் விதம்தான் ரசமானது. நகம் எதனால் ஆனதோ அதே பொருளால் ஆனதுதான் கொம்பும். உள்ளே எலும்பு, மேலே உறை. வேகவைத்தாலோ பல வாரம் ஊறப்போட்டாலோ எலும்பு கழன்று வந்துவிடும். மிஞ்சும் உறை முழுக்கக் குழல் என்று நினைத்துவிடாதீர்கள். நுனிப்பக்கம் கெட்டியாக இருக்கும். உள்ளே ஒரு கம்பியை விட்டுக் குழி எங்கே முடிகிறது என்று பார்த்து, அந்த இடத்தை வெளியே குறித்துக்கொள்வார்கள். பிறகு நுனியிலிருந்து துளை போட வேண்டும். கொம்பு வளைந்திருக்கும், துளைக்கருவியோ நேராகத்தான் போகும். கோணம் கொஞ்சம் தவறினாலும் பக்கவாட்டில் பொத்துக்கொண்டு வந்துவிடும். அத்தோடு அந்தக் கொம்பு பாழ்.

துளை சரியாக அமைந்தால் அரம், கத்தி, உடைந்த கண்ணாடிச் சில்லு என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சுரண்டுவார்கள். சுரண்டச் சுரண்டச் சுவர் மெலிந்து, வெளிச்சத்தில் பிடித்தால் தேன் நிறத்தில் ஒளி ஊடுருவும். உள்ளே மருந்து எவ்வளவு மிச்சம் என்று மூடியைத் திறக்காமலே தெரிந்துகொள்ளலாம்.

கொம்பின் அகலமான வாய் சரியான வட்டமாக இருக்காது. அதைக் கொதிநீரில் முக்கினால் இளகும். இளகிய சூட்டோடு, கூம்பாகக் கடைந்த மரக்கட்டையை உள்ளே அழுத்தினால், ஆறும்போது வாய் வட்டமாக இறுகிவிடும். பிறகு அளவான மர அடைப்பை வைத்து, சுற்றிலும் சிறு மர ஆணிகள் அடித்து, இடுக்குகளில் தேன்மெழுகு பூசுவார்கள். நுனிக்கு ஒரு மரத்தக்கை. மாட்டின் இடக்கொம்பும் வலக்கொம்பும் ஒரே பக்கமாக வளைவதில்லை. ஆகவே எந்த இடுப்பில் தொங்கப்போகிறது என்று பார்த்து, உடம்போடு ஒட்டி வளையும் கொம்பாகப் பொறுக்குவார்கள்.

பைக்கு வருவோம். மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல் அல்லது மான்தோல். அகலம் ஏறத்தாழ ஒரு சாண். பெரிய பை உதவாது. கண் மானின் மேல் இருக்கும்போது கை தானாகக் குண்டைத் தேடி எடுக்க வேண்டுமே! மெழுகு தடவிய சணல் நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, குத்தூசியால் போட்ட ஒரே துளைக்குள் இரண்டையும் எதிரெதிராக விட்டு இழுப்பார்கள். ஓர் இழை அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். உட்புறம் வெளியே இருக்கும்படி தைத்து முடித்து, ஈரமாக்கி, சட்டையைத் திருப்புவது போலத் திருப்பிவிட்டால் தையல் உள்ளே மறைந்துவிடும்.

உள்ளே ஈயக் குண்டுகள், எண்ணெய் தடவிய துணித்துண்டு, மாற்றுச் சக்கிமுக்கிக் கல், குழலுக்குள் தீ போகும் பற்றுத்துளை அடைத்துக்கொண்டால் குத்த ஒரு கம்பி. கூடவே மான்கொம்பு நுனியைக் குடைந்து செய்த ஓர் அளவுக் குவளையும் உண்டு. கொம்பிலிருந்து மருந்தை நேரே குழலில் கொட்டக் கூடாது. முந்தின வெடியின் கனல் ஒரு துளி உள்ளே கிடந்தாலும் கையிலிருக்கும் கொம்பு முழுதும் வெடிக்கும். குவளையில் ஊற்றிக் கொட்டினால் ஒரு வெடிக்கான மருந்தோடு போகும்.

1754 முதல் 1763 வரை வட அமெரிக்காவில் பிரிட்டனும் பிரான்சும் மோதிய போரில், கொம்புகளில் ஊசிமுனையால் படம் கீறிக் கரியைத் தேய்க்கும் பழக்கம் பெருகியது. சொந்தக்காரர் பெயர், ஆண்டு, கோட்டை, ஹட்சன் ஆற்றின் போக்கு என்று சில கொம்புகளில் ஒரு வரைபடமே சுற்றி ஓடும். நியூயார்க் மாநிலத்தின் கனஜோஹாரி ஊரில் ஓவிய ஆசிரியராக இருந்த ரூஃபஸ் கிரைடர், 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இப்படிப்பட்ட நூற்றுக்கணக்கான கொம்புகளைத் தேடிப் பார்த்து, வளைந்த சித்திரங்களைத் தட்டைக் காகிதத்தில் விரித்து வரைந்து வைத்தார். சேகரிப்பவர்கள் படம் உள்ள கொம்பைத்தான் தேடுகிறார்கள். எனக்கென்னவோ, படமே இல்லாத கொம்பில் குழியோடு நேராகப் போய்ச் சேர்ந்த அந்த நுனித் துளைதான் பெரிய வேலை. பைகளுக்குக் கொம்புகளின் அளவு ஆயுள் கிட்டவில்லை. மழையிலும் வியர்வையிலும் இற்றுப்போய், அக்காலத்துப் பைகள் மிகச் சிலவே எஞ்சியுள்ளன. இன்று புதிதாகச் செய்பவர்கள் அந்தச் சிலவற்றைப் பார்த்துத்தான் கற்கிறார்கள்.

கொம்பும் பையும் வேட்டைக்காரனோடு நின்றுவிட்ட பொருள்கள் அல்ல. 1792 மே மாதம் வந்த அமெரிக்கக் குடிப்படைச் சட்டம், 18 வயது நிரம்பி 45 வயதுக்குட்பட்ட வெள்ளையின ஆண்களைப் படையில் பதிவு செய்யச் சொன்னது. ரைஃபிள் துப்பாக்கி கொண்டு வருபவன் குண்டுப் பை, மருந்துக் கொம்பு, 20 குண்டு, கால் பவுண்டு மருந்து ஆகியவற்றைத் தானே தேடி வைத்துக்கொள்ள வேண்டும். கால் பவுண்டு என்றால் சுமார் 113 கிராம். ஒரு வெடிக்கு நான்கைந்து கிராம் என்று வைத்தால் 20 குண்டுக்குப் போதும், கொஞ்சம் மிஞ்சவும் செய்யும். 1860-களிலேயே உலோகத் தோட்டா பரவிவிட்டது. ஆனாலும் மருந்துக் கொம்பைக் கேட்ட அந்த விதி, 1903-இல் புதிய சட்டம் வரும்வரை ஏட்டில் அப்படியே இருந்தது.